‘எலும்பு முறியலை, சுளுக்குதான்!’ - மணிக்கட்டு வலியை ஏன் லேசாக விடக் கூடாது?

ஆடி மாதம். அம்மா மண்டபம் படித்துறையில் கால் வழுக்குகிறது. முதலில் தரையைத் தொடுவது எது? கை. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கித் தடுமாறினாலும் கைதான். காவிரிப் பாலத்தில் டூ-வீலர் சறுக்கினாலும், வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஈரத் தரையில் விழுந்தாலும் கைதான். யாரும் யோசித்துவிட்டுக் கையை ஊன்றுவதில்லை. தலையையும் முகத்தையும் காப்பாற்ற உடம்பு தானாகவே கையை முன்னால் நீட்டிவிடுகிறது. அந்த ஒரு நொடியில் மொத்த உடம்பின் எடையும் மணிக்கட்டில் இறங்கிவிடும்.

அடுத்து நடப்பது எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். கை வீங்குகிறது. எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். “எலும்பு முறியலை, சுளுக்குதான்” என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. எண்ணெய், தைலம், ஒரு க்ரேப் பேண்டேஜ். அத்தோடு மறந்துவிடுகிறோம்.

பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகியும் போகிறது. ஆனால் சிலருக்கு மூன்று மாதம் கழித்தும் ஈரத்துணியைப் பிழிய முடிவதில்லை. குக்கரை ஒரு கையால் தூக்க முடிவதில்லை. பூட்டில் சாவியைத் திருப்பினால் சுருக்கென்று குத்துகிறது. அவர்களுக்கு என்ன ஆனது? ‘எலும்பு முறியவில்லை’ என்பதும் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சுளுக்கு என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. விரல்களில் 14, உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் மட்டும் 8. கூழாங்கற்களை இரண்டு வரிசையாக அடுக்கிவைத்தது போல இருக்கும் அந்த எட்டும் சிதறாமல் இருக்கக் காரணம் லிகமென்ட். எலும்பை எலும்போடு சேர்த்துக் கட்டும் உறுதியான நார் அது. பேச்சுவழக்கில் ‘தசைநார்’ என்றாலும் தசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தசையை எலும்போடு இணைப்பது வேறொன்று. அதன் பெயர் தசைநாண்.

ஸ்ரீரங்கத்தில் பூ கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பூவுக்கும் பூவுக்கும் இடையே ஓடும் வாழைநார்தான் சரத்தைப் பிடித்து வைக்கிறது. பூ எல்லாம் நன்றாகவே இருந்தாலும் நார் அறுந்தால் சரம் கலைந்துவிடும். லிகமென்ட் கிழிந்த மணிக்கட்டும் அப்படித்தான். எலும்புகள் முழுசாக இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒழுங்காக நகராது.

இந்த நார் அளவுக்கு மீறி இழுபடுவதுதான் சுளுக்கு. மருத்துவர்கள் இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

• முதல் நிலை: நார் இழுபட்டிருக்கும், கிழிந்திருக்காது. லேசான வீக்கமும் வலியும் இருக்கும். ஓய்வு கொடுத்தால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் சரியாகிவிடும்.

• இரண்டாம் நிலை: நார் பாதி கிழிந்திருக்கும். வீக்கமும் ரத்தக்கட்டும் தெரியும், பிடி தளரும். ஸ்ப்ளின்ட் தேவைப்படும். ஆறு வாரம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம்.

• மூன்றாம் நிலை: நார் முழுவதும் அறுந்திருக்கும். சில நேரம் எலும்பின் சிறு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். பழைய பலம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

வலியை மட்டும் வைத்து இந்த நிலைகளைப் பிரிக்க முடியாது. முழுவதும் அறுந்த நாரைவிட பாதி கிழிந்த நார் அதிகமாக வலிப்பதும் உண்டு. “வலி குறைஞ்சிடுச்சு, அப்போ சரியாகிடுச்சு” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரோஹித் சர்மாவின் கட்டை விரல்

2022 டிசம்பர் 7. டாக்காவின் மிர்பூர் மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிரான இரண்டாவது ஒருநாள் போட்டி. ஸ்லிப்பில் கேட்ச் பிடிக்க முயன்ற ரோஹித் சர்மாவின் இடது கட்டை விரலில் அடிபட்டது. தொடக்க ஆட்டக்காரரான அவர், அன்று கட்டுப் போட்ட கையோடு ஒன்பதாவதாக இறங்கி 28 பந்துகளில் 51 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இந்தியா 5 ரன்னில் தோற்றாலும் அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது.

விரல் மூட்டு நழுவியிருந்தது, தையலும் போடப்பட்டது, ஆனால் எலும்பு முறிவு இல்லாததால் பேட் பிடிக்க முடிந்தது என்று போட்டி முடிந்ததும் அவரே சொன்னார். நம் வீட்டில் சொல்லும் அதே ‘எலும்பு முறியலை’தான். ஆனால் அவர் அடுத்த ஒருநாள் போட்டியில் ஆடவில்லை. மும்பை திரும்பி நிபுணரிடம் காட்டினார். தொடர்ந்து நடந்த இரண்டு டெஸ்ட் போட்டிகளிலும் இல்லை. மூட்டு நழுவினால் அதைச் சுற்றியுள்ள நார்களும் அடிவாங்கியிருக்கும் என்பதால்தான் அந்த ஓய்வு. சிக்ஸர்களை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு வந்த ஓய்வு நம் கண்ணில் படவில்லை.

ஏமாற்றும் நான்கு இடங்கள்

சாதாரணச் சுளுக்கு போலத் தோன்றி பெரிய பிரச்னையை மறைத்துவைக்கும் இடங்கள் கையில் நான்கு உண்டு.

1. மூக்குப்பொடிக் குழி

கட்டை விரலை ‘சூப்பர்’ என்று காட்டுவது போல விரித்துத் தூக்குங்கள். விரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை இதில் வைத்து உறிஞ்சுவார்கள் என்பதால், உடற்கூறு பாடத்தில் இதன் பெயரே ‘மூக்குப்பொடிக் குழி’தான்.

விழுந்த பிறகு இந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? உஷாராகிவிடுங்கள். அதன் அடியில் இருப்பது படகு வடிவ எலும்பு, அதாவது ஸ்கேஃபாய்டு. இதில் ஏற்படும் மெல்லிய விரிசல் முதல் நாள் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக உள்ளே போய் பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் விரிசல் விட்டால் பின்பகுதிக்கு ரத்தம் போவது தடைபட்டு, எலும்பு சேராமலே போகலாம்.

இதன் பக்கத்தில் பிறை நிலா வடிவ எலும்பு ஒன்று இருக்கிறது. இரண்டையும் கட்டும் நார் அறுந்தால் நடுவில் இடைவெளி விழும். முன்பல் இடைவெளிக்குப் பெயர்போன டெர்ரி-தாமஸ் என்ற ஆங்கில நகைச்சுவை நடிகரின் பெயரையே எக்ஸ்-ரேயில் தெரியும் அந்த இடைவெளிக்கு மருத்துவர்கள் வைத்துவிட்டார்கள். பெயர் சிரிக்க வைத்தாலும் விளைவு அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் எலும்புகள் தடம் மாறி உரசி, சில ஆண்டுகளில் மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடும்.

2. சுண்டு விரல் பக்கம்

மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கம் முக்கோண வடிவில் குருத்தெலும்பும் நாரும் சேர்ந்த ஒரு மெத்தை இருக்கிறது. துணி பிழியும்போதும், சாவி திருப்பும்போதும், தரையில் கையை ஊன்றி எழுந்திருக்கும்போதும் இந்தப் பக்கம் வலித்தால் இது கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. இதன் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் இருப்பதால் அங்கே ஏற்படும் கிழிசல் ஆறக்கூடும். நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் இல்லை என்பதால் அங்கே தானாக ஆறுவது கடினம்.

3. கட்டை விரலின் அடி

டூ-வீலரில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே விழும்போது கட்டை விரல் வெளிப்பக்கமாக வளைந்துவிடும். கபடியில் எதிராளியைப் பிடிக்கும்போதும், ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்த கை உதறப்படும்போதும் இப்படி ஆகலாம். அப்போது அடிவாங்குவது விரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரல் பக்கம் இருக்கும் நார். முயல்களின் கழுத்தைத் திருகிக் கொல்லும் வேலை செய்துவந்த ஸ்காட்லாந்து வேட்டைக்காப்பாளர்களிடம் இந்த நார் நாளடைவில் தளர்ந்திருப்பதை 1955-ல் கேம்பெல் என்ற மருத்துவர் எழுதினார்.

1962-ல் ஸ்வீடன் மருத்துவர் பெர்டில் ஸ்டெனர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இந்த நார் முழுவதுமாக அறுந்தால், அறுந்த முனை மேலே ஏறி, பக்கத்தில் இருக்கும் வேறொரு தசையின் படலத்துக்கு மேல் மாட்டிக்கொள்வது உண்டு. நாருக்கும் எலும்புக்கும் நடுவே திரை விழுந்தது போல. பிறகு எத்தனை மாதம் கட்டுப் போட்டாலும் ஒட்டாது. அறுவை சிகிச்சைதான் வழி, அதையும் முதல் சில வாரங்களுக்குள் செய்வது நல்லது. பேனா பிடிக்கும்போதோ பாட்டில் மூடியைத் திறக்கும்போதோ கட்டை விரல் பலமில்லாமல் மடங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

4. விரலின் நடு மூட்டு

பந்து வந்து விரல் நுனியில் குத்தினால் நடு மூட்டு வீங்கும். இங்கே பிரச்னை தலைகீழ். ஓய்வு போதாமல் போவதைவிட, ஓய்வு அதிகமாகிப்போவதால்தான் பலருக்கு விரல் விறைத்துவிடுகிறது. மூட்டு உறுதியாக இருந்தால், பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டி சீக்கிரமே அசைக்கத் தொடங்கச் சொல்வார்கள். மாறாக, விரல் நுனி தொங்கிப்போய் தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் அது சுளுக்கு இல்லை, தசைநாண் அறுந்திருக்கிறது. அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்ப்ளின்டைக் கழற்றாமல் நுனியை நேராக வைக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்-ரே நார்மல்... பிறகென்ன?

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும், லிகமென்டைக் காட்டாது. எனவே ‘எக்ஸ்-ரே நார்மல்’ என்றால், எலும்பில் முறிவு தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

மூக்குப்பொடிக் குழியில் வலி இருந்தால், முதல் படம் சரியாக இருந்தாலும் ஸ்ப்ளின்ட் போட்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பது வழக்கம். அல்லது சி.டி, எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நாரில் சந்தேகம் இருந்தால், கையை இறுக்கி மூடச் சொல்லி ஓர் எக்ஸ்-ரே எடுப்பதும் உண்டு. மூடிய கையில்தான் எலும்புகளின் இடைவெளி நன்றாகத் தெரியும். எம்.ஆர்.ஐ-யிலும் தப்பும் கிழிசல்கள் உண்டு. தேவைப்பட்டால் சிறு துளை வழியே கேமராவை விட்டு நேரடியாகப் பார்ப்பார்கள்.

“ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்று மருத்துவர் சொன்னால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது சந்திப்பைத்தான்.

முதல் 48 மணி நேரம்

• முதல் வேலை: மோதிரம், வளையல், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சாமி கயிறாக இருந்தாலும் சரி. வீக்கம் ஏறிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

• ஐஸை துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

• கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் வையுங்கள். படுக்கும்போது தலையணை மேல் கை இருக்கட்டும்.

• க்ரேப் பேண்டேஜ் தாங்கலாக இருந்தால் போதும். விரல் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள்.

• அடிபடாத விரல்களை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள்.

• வலிக்குப் பாராசிட்டமால், சொல்லப்பட்ட அளவில். சிறுநீரகப் பிரச்னை, அல்சர், ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மற்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

• முதல் இரண்டு, மூன்று நாள்களுக்கு வெந்நீர் ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், மது மூன்றும் வேண்டாம். வீக்கத்தையும் ரத்தக்கட்டையும் அதிகமாக்கும்.

எண்ணெய் போட்டு உருவலாமா?

“சுளுக்கு வழிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்” என்ற ஆலோசனை எல்லாத் தெருக்களிலும் கிடைக்கும். மேலோட்டமான தசைப்பிடிப்புக்கு இதமான எண்ணெய்த் தடவல் ஆறுதல் தரலாம். ஆனால் புதிதாக அடிபட்ட மணிக்கட்டை இழுத்து ‘சொடக்கு’ எடுப்பது வேறு. பாதி கிழிந்த நார் முழுவதும் கிழியலாம். ஒட்டிக்கொண்டிருக்கும் விரிசல் விலகிப் போகலாம்.

அடுத்தது கட்டு. திருச்சியில் ‘புத்தூர்’ என்றால் பெரியாஸ்பத்திரி இருக்கும் இடம். ஊர் ஊராக போர்டுகளில் பார்க்கும் ‘புத்தூர் கட்டு’ ஆந்திராவின் புத்தூரிலிருந்து பெயர் பெற்றது. எந்த ஊர்க் கட்டாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே என்ன அடிபட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டுகிறார்களா? தெரியாமல் இறுக்கிக் கட்டினால், வீக்கம் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றுவிடலாம். தசைகள் செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் அபாயம் இருக்கிறது. கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், அதுதான் எச்சரிக்கை மணி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பாட்டிக்கு ஒரு கணக்கு, பேரனுக்கு ஒரு கணக்கு

ஒரே படியில் மூன்று தலைமுறை வழுக்கி விழுந்தாலும் மூவருக்கும் அடிபடுவது வேறு வேறு இடத்தில்.

குழந்தைகளுக்கு எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, லிகமென்டைவிட பலவீனமானது. நார் கிழிவதற்கு முன்பே வளர்ச்சித் தட்டு அடிவாங்கிவிடும். எனவே சிறு பிள்ளைகளுக்கு ‘சுளுக்கு’ என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

கை ஊன்றி விழும் இளைஞர்களுக்கும் நடுவயதினருக்கும் ஸ்கேஃபாய்டு விரிசலும் நார்க் கிழிசலும் அதிகம் யோசிக்க வேண்டியவை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு மெலிந்திருப்பதால் மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்பு முறிய வாய்ப்பு அதிகம். அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலஸ் 1814-லேயே விவரித்த முறிவு இது. பக்கவாட்டில் பார்த்தால் கை, கவிழ்த்துவைத்த முள்கரண்டி போல வளைந்திருக்கும். லேசாக விழுந்ததற்கே முறிந்தது என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

• கையின் வடிவம் மாறியிருந்தால்
• விரல் மரத்து, குளிர்ந்து, வெளுத்துப் போனால்
• காயம் வழியே ரத்தம் வந்தால்
• விரலை அசைக்கவே முடியாவிட்டால்
• மூக்குப்பொடிக் குழியில் வலி இருந்தால்
• ஒரு வாரம் கழிந்தும் வலியும் பிடியின் பலமும் தேறாவிட்டால்

கடைசி இரண்டுக்கும் ஆம்புலன்ஸ் தேவையில்லை. ஆனால் மருத்துவர் கட்டாயம் தேவை. ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. புத்தூரில், கி.ஆ.பெ.விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. சாலை விபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது.

கைக்கென்றே தனி மருத்துவம் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழகம் அதில் பெயர் பெற்ற மாநிலம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் வேலை செய்ய வைத்தார். சென்னை ஸ்டான்லியில் கை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் தனி நிலையமே இயங்குகிறது. மணிக்கட்டு வலி மாதக்கணக்கில் தொடர்ந்தால், கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடமே கேட்கலாம்.

மறுபடி வேலைக்குப் போவது

பூ கட்டுபவர், செயற்கை வைரம் பட்டை தீட்டுபவர், வெல்டர், மிருதங்கம் பழகும் மாணவர், நாள் முழுக்க டைப் செய்பவர் என்று இந்த ஊரில் கை ஓய்ந்தால் வருமானமோ வாய்ப்போ ஓய்ந்துவிடும் ஆட்கள் நிறைய. “ரெண்டு வாரம் லீவு போட்டா யார் சோறு போடுவா?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு வாரம் ஸ்ப்ளின்டில் முடிந்திருக்க வேண்டியது, பிறகு அறுவை சிகிச்சையும் மூன்று மாத ஓய்வுமாக வந்து நின்றால் நஷ்டம் பல மடங்கு.

முழு ஓய்வு முடியாது என்றால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். எந்த அசைவைத் தவிர்த்தால் போதும், வேலையின்போது எந்த ஸ்ப்ளின்ட் போடலாம் என்று அவரால் சொல்ல முடியும். திரும்பும்போது படிப்படியாகத் திரும்புங்கள். முதலில் வலியில்லாமல் மணிக்கட்டை அசைப்பது, பிறகு மென்மையான பந்தை அழுத்துவது, அதன் பிறகு சின்ன எடை. தோசைமாவு கிண்டுவது, சப்பாத்தி தேய்ப்பது, தண்ணீர் கேன் தூக்குவது எல்லாம் கடைசிக் கட்டம். வலி நின்ற பிறகும் நார் பழைய பலம் பெற மாதங்கள் ஆகும்.

மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்: எப்படி விழுந்தீர்கள், ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் சரியாக எந்த இடத்தில் வலி, எந்த வேலையைச் செய்தால் வலிக்கிறது, விழுந்தபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டதா. பழைய எக்ஸ்-ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள். “சுளுக்குதான்” என்று அவர் சொன்னால், “எந்த நார், எந்த நிலை, மறுபடி எப்போது வரணும்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.